பத்தாவது அடி

இருபத்திரண்டு வருஷம் ஊர் உலகத்துக்கெல்லாம் பயணப் பெட்டி விற்றவன், முதல் தடவையாகத் தானே ஒரு பெட்டியோடு வெளிநாட்டில் வந்து இறங்கினான். இறங்கிய முக்கால் மணி நேரத்தில் பெட்டியின் சக்கரம் சிக்கிக்கொண்டது.

மெரூன் கலர் பெட்டி. நாலு சக்கரம், இரட்டை ஜிப், நம்பர் பூட்டு. "இந்தச் சக்கரம் உங்க பேரன் ஹனிமூன் போற வரைக்கும் ஓடும்மா" என்று சொல்லியே இந்த ரகத்தில் அறுபது எழுபது தள்ளியிருப்பான். இப்போது வலது பின்சக்கரம் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்க, பெட்டி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தது. திட்டுவதற்கும் வழியில்லை. வாங்கினவன் விற்றவனைத் திட்டுவதுதான் முறை. இங்கே இரண்டு பேரும் ஒரே ஆள்.

விமான நிலைய வாசலில் அவன் பெயர் எழுதிய அட்டையோடு, அவனை வேலைக்கு எடுத்த கம்பெனியின் வேன்காரன் நின்றிருந்தான். முப்பத்தைந்து வயது, தமிழ் ஆள், இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருஷம்.

"என்ன அண்ணே, பெட்டி குடிச்சிருக்கா?"

"சக்கரம் மக்கர் பண்ணுது, தம்பி."

"எந்தக் கடையில வாங்கினீங்க? நல்லா தலைல கட்டிட்டாங்க."

"சொந்தக் கடை."

வேன்காரன் மூன்றாவது சிக்னல் வரை சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

கடைவீதியில் அவனுக்குப் பெயர் பத்தடி. வீட்டில் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது. மற்றபடி யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. விலை படியாமல் எழுந்து போகிற வாடிக்கையாளரை மற்ற கடைக்காரர்கள் மூன்றாவது அடியிலேயே "வாங்க சார், கட்டுப்படி ஆகாது, இருந்தாலும் உங்களுக்காக" என்று கூப்பிட்டுவிடுவார்கள். அவன் கூப்பிட மாட்டான். ஸ்டூலில் உட்கார்ந்தபடி அடிகளை எண்ணுவான். ஏழாவது அடியில் அந்த ஆளின் நடை தளரும். எட்டில் தோள் லேசாகத் திரும்பும். பத்தாவது அடியில்தான் இவன் வாயைத் திறப்பான்: "அம்மா, கடைசியா என்னதான் தருவீங்க?" அவ்வளவுதான், பெட்டி விற்றாகிவிட்டது.

நடக்கிறவருக்கும் ஒரு சட்டம் உண்டு. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஆசை தெரிந்துவிடும், ஆசை தெரிந்தால் விலை இறங்காது. கூப்பிடுவது, நடப்பது இரண்டையும் கரைத்துக் குடித்தவர்கள் அந்தத் தெருவில் இரண்டே பேர். ஒருவன் பத்தடி. இன்னொருவர் அதே கடையின் கல்லாவில் உட்காருகிற அவனுடைய அண்ணன்.

அந்த அண்ணன் ஒரு நாள் காலையில் கடை முழுக்க விலைச் சீட்டு ஒட்டிவிட்டார். கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு: ஒரே விலை, பேரம் இல்லை.

"அப்ப நான் எதுக்கு இங்க?" என்று கேட்டான் பத்தடி.

"நீ பில்லைப் போடு. ஜனங்க எல்லாம் போன்ல விலை பார்த்துட்டுத்தான்டா உள்ளயே வர்றாங்க. ஒரு பெட்டிக்கு முக்கால் மணி நேரம் பேச இப்ப யாருக்கு நேரம் இருக்கு?"

"சீட்டை எடுங்க. இல்லேன்னா நான் வெளிநாடு போறேன்."

"போ."

வெளிநாடு என்பது அவன் சொன்ன முதல் விலை. முதல் விலையை எந்தப் பைத்தியக்காரனாவது நிஜம் என்று எடுத்துக்கொள்வானா? அண்ணன் ஒரு படி இறங்கி வருவார், இவன் ஒரு படி இறங்குவான், நடுவில் எங்கேயாவது படிந்துவிடும் என்று நினைத்தான். அதற்காகத்தான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டிடம் போய் உட்கார்ந்தான். அவர் வருஷத்துக்கு நாலு டஜன் பெட்டி எடுக்கிற வாடிக்கையாளர். தன் பொறுப்பிலேயே ஒரு குடோனில் வேலை பிடித்துக் கொடுத்தார். நாற்பது நாள் ஓடியது. மருத்துவப் பரிசோதனை முடிந்தது, விசா வந்தது, டிக்கெட் வந்தது என்று ஒவ்வொன்றையும் சாப்பாட்டு நேரத்தில் உரக்கச் சொல்வான். அண்ணன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அண்ணிதான், "ரெண்டு பேரும் என்ன எல்.கே.ஜி.யா?" என்று கரண்டியை ஓங்குவாள்.

விமான நிலையத்தில் டாக்சியிலிருந்து கண்ணாடிக் கதவு வரை பத்தடி கணக்காக நடந்தான். பத்து போதாதோ என்று இருபது கூடவே நடந்தான். சட்டப்படி திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. விமானம் கிளம்பிவிட்டது.

ஆக, அவன் இந்த நாட்டுக்கு வேலைக்கு வரவில்லை. பேரத்தில் எழுந்து நடந்தவன், கூப்பிட ஆளில்லாமல் நடந்துகொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டான்.

இன்னும் கெட்டுப்போகவில்லை என்று கணக்குப் போட்டான். வந்தது புதன்கிழமை. திங்கட்கிழமை காலையில்தான் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதற்குள் அண்ணனிடமிருந்து ஒரே ஒரு போன், "வாடா" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும், அடுத்த விமானத்தில் ஏறிவிடலாம். போனைச் சட்டைப்பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அது அசையாமல் கிடந்தது.

ஞாயிறு மதியம் வரை கம்பெனி லாட்ஜில் தங்கலாம். அதற்குள் வாடகைக்கு அறை பார்த்துக்கொள்ள வேண்டும். லாட்ஜ் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஓயாமல் முனகுகிற ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவரும் ஒரு கழிவுநீர்க் குழாயும் தெரிந்தன. தலையணை பழைய பில் கட்டு மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை புதுத் தலையணை வாங்கப் போனான். கடை என்றால் அதுதான் கடை, நம் கடைவீதி முழுவதையும் உள்ளே போட்டு மூடிவிடலாம். ஒரு தலையணையை எடுத்தான். அமுக்கினான், முகர்ந்தான், உதட்டைப் பிதுக்கினான், எதற்கும் லாயக்கில்லாத சரக்கு என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போனான். அங்கே நின்ற பெண் விலைச் சீட்டைக் காட்டினாள். இவன் விரல்களால் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஒரு தொகை காட்டினான். அவள், கண் சரியாகத் தெரியாத ஆளுக்குக் காட்டுகிற மாதிரி, மறுபடியும் அதே சீட்டைக் காட்டினாள். இவன் தலையணையை வைத்துவிட்டு நடந்தான்.

ஏழு. எட்டு. பத்தாவது அடியில் பிளாஸ்டிக் வாளிகள் வந்தன. இருபதில் வாசல். தானாகத் திறக்கிற கதவு. அதுவும் 'போ' என்றுதான் சொல்லியது.

அன்று முழுவதும் அவன் பேசிய வார்த்தைகள் மொத்தம் பதினொன்று. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் தாடை வலிக்கப் பேசிய வாய் அது. தெருவில் போனால் "என்ன பத்தடி, போணி ஆச்சா?" என்று கேட்காமல் எதிர்ப்படுகிறவர் கிடையாது. இங்கே ஜனங்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். அவ்வளவு மரியாதையை அவனால் தாங்க முடியவில்லை. ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர்களின் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பையைப் பார்த்து ஆளைச் சொல்வது அவனுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. அறுந்த ஜிப்பில் ஊக்குக் குத்தியிருக்கிறவர் வாத்தியார். பிடியில் ரிப்பன் கட்டியிருக்கிற அம்மா ஒரு தடவை பெட்டி மாறித் தவித்தவள். பெரிய பையில் கொஞ்சமாகச் சாமான் போட்டுத் தூக்கிப் போகிறவன் புதிதாகக் கல்யாணம் ஆனவன். எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். 'பார்த்தியா, சொன்னேன்ல' என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. அறைக்குத் திரும்பியதும், குரல் இருக்கிறதா என்று பார்க்க லாட்ஜ் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை உரக்கப் படித்தான். ஃப்ரிட்ஜ் முனகிப் பதில் சொன்னது. இரண்டு சட்டைகளைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தான்.

சனிக்கிழமை வேன்காரன் வந்து அறை காட்ட அழைத்துப் போனான். இரண்டாவது மாடி. வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி, தனி ஆள். கைக்கு அடக்கமான அறை. நல்ல கட்டில், வெயில் விழுகிற ஜன்னல், கீழே மரங்கள் நின்ற தெரு. பார்த்த கணத்தில் அவனுக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதால் முகத்தைச் சுளித்துக்கொண்டான்.

"சுவத்துல ஈரம் இருக்குன்னு சொல்லு" என்றான்.

"எங்கண்ணே இருக்கு?"

"இருக்குன்னு சொல்லு தம்பி, நான் பார்த்துக்கறேன்."

வேன்காரன் சொன்னான். அந்த அம்மா பதறிப்போய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடியை மாட்டி, சுவர் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். எந்த இடம் என்று கேட்டாள். பத்தடி கட்டிலுக்கு மேலே குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டினான்.

"தெருச் சத்தம் வேற காதைப் பொளக்குது."

கீழே ஒரே ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. வேன்காரன் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அதையும் சொன்னான். அந்த அம்மா வருத்தமாகத் தலையாட்டி ஏதோ பேசினாள்.

"என்ன, எவ்வளவு குறைக்கிறாங்களாம்?"

"குறைக்கலாம் இல்ல. ஈரம் உடம்புக்கு ஆகாது, சத்தத்துல தூக்கமும் வராது, பாவம், உங்களுக்கு இந்த ரூம் சரிப்படாதுங்கறாங்க. அடுத்த தெருவுல அமைதியா ஒண்ணு இருக்காம், விலாசம் எழுதித் தரட்டுமான்னு கேக்கறாங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஓர் எதிராளியை அவன் பார்த்ததில்லை. ஆனால் அவனிடம் கடைசி ஆயுதம் பாக்கி இருந்தது. "வேண்டாம்னு சொல்லு" என்றுவிட்டுப் படி இறங்கினான். ஆறு, ஏழு, எட்டு. மேலேயிருந்து குரல் வந்தது. அவன் அந்தப் படியிலேயே நின்றான்.

"என்ன சொல்றாங்க?"

"கீழ் படி உடைஞ்சிருக்காம், பார்த்து இறங்கச் சொல்றாங்க."

கதவு சாத்துகிற சத்தம், அதுவும் மெதுவாக.

வேனில் ஏறியதும் வேன்காரன் பொரிந்து தள்ளினான். "ஏன் அண்ணே இப்படி? அதைவிட நல்ல ரூம் இந்த வாடகைக்குக் கிடைக்காது. நாளை மதியம் லாட்ஜ்ல பெட்டியைத் தூக்கி வெளிய வைப்பான். குடிச்சிருக்கிற பெட்டியோட எங்க போவீங்க?"

"நடந்தா கூப்பிடுவாங்க தம்பி. தொழில் அது."

"இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க."

"மனுஷங்கதானே? ஈரம் இல்லாத ஜனங்க."

"நீங்க சொல்ற ஈரமெல்லாம் நிறைய இருக்கு. வேண்டாம்னு சொன்னீங்க, அதை அவங்க நம்பிட்டாங்க. நீங்க சொன்னதை மதிக்கிறாங்க அண்ணே. அதுக்கு மேல அவங்க என்னதான் பண்ணணும்?"

பத்தடி ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் போகிறவர்களின் பைகளைப் பார்க்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் அண்ணியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. "சாப்பிட்டீங்களா? அங்க குளிராமே, ஸ்வெட்டர் போடுங்க. அந்த மெரூன் பெட்டியையா எடுத்துட்டுப் போனீங்க, அது சக்கரம் சரியில்லைன்னு உங்க அண்ணன் சொல்லிட்டிருக்கார்." முடிகிற இடத்தில், தூரத்தில் ஓர் ஆண் இருமினார். அண்ணன். பேசப் போகிறவர் தொண்டையைச் செருமுகிற இருமல். ஆனால் பேச்சு வரவில்லை. அந்த இருமலுக்காகவே செய்தியை ஏழு தடவை கேட்டான்.

ஏழாவது தடவையில்தான் வேன்காரன் சொன்னது தலைக்குள் போய் விழுந்தது. போறேன் என்று அவன் சொன்னான். ஒருவேளை அண்ணனும் நம்பிவிட்டாரோ? ஒரே விலை என்று போர்டு எழுதி மாட்டிய மனுஷன். தம்பி சொன்னதையும் ஒரே விலை என்று எடுத்துக்கொண்டாரோ?

ஞாயிறு காலை பதினோரு மணிக்குப் பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கிளம்பினான். வேன்காரனைக் கூப்பிடவில்லை, கூப்பிட வெட்கமாக இருந்தது. உடைந்த கீழ்ப்படியை நினைவாகத் தாண்டி, இரண்டு மாடியும் பெட்டியைத் தோளில் சுமந்து ஏறி, கதவைத் தட்டினான்.

அந்த அம்மா கதவைத் திறந்தாள். சட்டைக் கையில் வெள்ளைப் பெயின்ட் தீற்றல். மூக்கு நுனியில் ஒரு பொட்டு. பின்னால் அந்த அறை தெரிந்தது. கட்டில் சுவரைவிட்டு நகர்த்தப்பட்டிருந்தது. அவன் குத்துமதிப்பாகக் காட்டிய இடத்தில் ஓர் ஆள் அகலத்துக்குப் புதுப் பெயின்ட், இன்னும் காயாமல் மினுமினுத்தது. இல்லாத ஈரத்தைச் சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சுவர் இப்போது நிஜமாகவே ஈரமாக இருந்தது.

அவனிடம் இருந்ததெல்லாம் அரைகுறை இங்கிலீஷ், அவளிடமும் அவ்வளவுதான். அதில் பேரம் பேச வார்த்தை இருந்தது, மன்னிப்புக் கேட்கத்தான் அதிகம் இல்லை. சுவரைக் காட்டி, "ஈரம் இல்லை. நான் பொய்" என்றான். ஜன்னலைக் காட்டி, "சத்தம் இல்லை. அதுவும் பொய்" என்றான். அவள் கண்ணாடியைத் தூக்கி மாட்டி அவனைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். பத்து அடியையும் கடைவீதியையும் அண்ணனையும் எந்த நாலு வார்த்தையில் சொல்வது? நெஞ்சில் கைவைத்து, இருபத்திரண்டு வருஷமாக எந்தக் கடைவாசலிலும் எந்த மொழியிலும் சொல்லியிராத ஒன்றைச் சொன்னான்.

"எனக்கு இந்த அறை வேணும்."

நாலு மணிக்கு வேறொருவர் பார்க்க வருவதாக அவள் விரல் மடக்கிச் சொன்னாள். இவன் அசையாமல் நின்றான். அவள் பெட்டியைப் பார்த்தாள், வியர்த்து வழிகிற அவனைப் பார்த்தாள், எவ்வளவு காலம் என்று கேட்டாள்.

"இரண்டு வருஷம்" என்றான். சொன்ன பிறகுதான், இவள் இதை நம்பப் போகிறாள் என்பது உறைத்தது. அவள் நம்பினாள். சாவியைக் கொடுத்தாள். கேட்ட வாடகையை ஒரு காசு குறைக்காமல் கொடுத்தான்.

பெயின்ட் வாசனைக்கு நடுவில் கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தான். ஆசையைக் காட்டியாகிவிட்டது, இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. இரண்டாவது மணியில் அண்ணன் எடுத்தார். பின்னால் கடைவீதியின் இரைச்சல்.

"என்னடா?"

"சக்கரம் சிக்குது, அண்ணா."

"தெரியும். அந்த லாட் முழுக்க அப்படித்தான். கிளம்பற அன்னிக்கே சொல்லணும்னு பார்த்தேன்."

"எங்க பார்த்தீங்க? நீங்கதான் ஏர்போர்ட்டுக்கே வரலையே."

அந்தப் பக்கம் இருமல். பிறகு கடை இரைச்சல் மட்டும். "வந்தேன்டா. உன் டாக்சிக்குப் பின்னாடியே ஆட்டோல வந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன். நீ திரும்பிப் பார்த்தா கூப்பிடலாம்னு."

"திரும்பிப் பார்த்தா..."

"எனக்குத் தெரியாதாடா? நானும் அதே தொழில்தானே."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. முன்பெல்லாம் இந்த மாதிரி மௌனத்தில் யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றார்கள் என்று கணக்கு.

அண்ணன்தான் திறந்தார். "நான் கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்."

"எத்தனாவது அடியில?"

"ரெண்டாவது அடியிலயே, அண்ணா."

தொண்டையைச் செருமினார். "நாளைக்குத்தானே கையெழுத்து? அண்ணி சொன்னா. வந்துடுடா. சீட்டை எடுக்க மாட்டேன், அதை இப்பவே சொல்லிடறேன். ஆனா உன் ஸ்டூல் அங்கயேதான் கிடக்கு. நான் யாரையும் உக்கார விடறதில்ல."

ஐந்து நாளாக நெஞ்சோடு வைத்துக் காத்திருந்த போன் இதுதான். அந்த வார்த்தையும் இதுதான். பத்தடி சுவரைப் பார்த்தான். பெயின்ட் ஓரத்தில் அந்த அம்மாவின் உள்ளங்கைத் தடம் ஒன்று பதிந்திருந்தது.

"அஞ்சு நாள்ல திரும்பினா கடைவீதியில எனக்கு அஞ்சடின்னு பேர் மாத்திடுவாங்க" என்றான்.

அண்ணன் சிரிக்கவில்லை.

"ரூம் எடுத்துட்டேன், அண்ணா. ரெண்டு வருஷம்னு சொல்லிட்டேன். இங்க சொன்னா நம்பிடறாங்க. ரெண்டு வருஷம் முடிஞ்ச மறுநாள் வந்துடுவேன். நீங்க கூப்பிடக்கூட வேண்டாம்."

"பேரம் பேசறியா?"

"இல்லண்ணா. ஒரே விலை."

"சரி" என்று சொல்லி அண்ணன் வைத்துவிட்டார். அந்தச் 'சரி' கொஞ்சம் உடைந்திருந்த மாதிரிப் பட்டது. லைன் சரியில்லையோ என்னவோ.

அறை அமைதியாக இருந்தது. சத்தத்தில் தூக்கம் வராது என்று அந்த அம்மா சொன்னது தப்பு, இங்கே சத்தமே இல்லாமல்தான் தூக்கம் வராது போலிருந்தது. பக்கத்து அறையில் அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. இரண்டு வருஷம் என்பதை நாளாக்கிப் பார்த்தான், பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மதியம் அந்தப் பெரிய கடைக்குப் போய் அதே தலையணையை எடுத்தான். அமுக்கவில்லை, முகரவில்லை. கவுண்டரில் அதே பெண். சீட்டில் இருந்த விலையைக் கொடுத்தான். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. தலையணையைக் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். கால் தன்பாட்டுக்கு எண்ணியது. ஏழு, எட்டு, வாளிகள், பத்து.

பத்தாவது அடியில் நின்று திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண் அடுத்த ஆளுக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.